வெள்ளைப் புடவைக்குப் பயந்த தபீதாள் டீச்சர்

தபீதாள் டீச்சர் என் மாமியார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் திருவிருந்தில் பங்கெடுக்காமல் இருந்தார். அந்தக் காலம் முழுவதும் தாம்பரத்தில் எங்கள் சபையார் அத்தனை பேரும், போதகரிலிருந்து மணி அடிக்கிறவர் வரை, அதற்குக் காரணம் நான்தான் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள். நான் இல்லை. உண்மைக் காரணத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாக்கும் அவரோடு போயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சபை மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் போட்டார்கள், படத்தோடு. நாசரேத்துப் பக்கம் பிறந்தவர், இருபத்திரண்டு வயதில் தாம்பரம் வந்தவர், மிஷன் ஆரம்பப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் பணி, அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமை ஆசிரியை. எல்லாம் உண்மை. அவர் வகுப்புக்குள் நுழைந்தால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும் என்று ஒரு பழைய மாணவர் எழுதியிருந்தார். அதுவும் உண்மை, எங்கள் வீட்டிலேயே கேட்கும். ஐந்து பிள்ளை பெற்றார் என்பதையும் மூன்றாவதை ஆயுதம் போட்டு இழுத்தார்கள் என்பதையும் யாரும் எழுதவில்லை. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு இருபத்தெட்டாம் நாள் கரும்பலகை முன்னால் போய் நின்றாராம். மாற்று டீச்சர் கிடைக்கவில்லையாம். இதைப் பெருமையாகத்தான் சொல்வார். அதற்கு உடம்பு பின்னால் என்ன பதில் சொன்னது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நான் ஹில்டா. பல்லாவரத்துக் கத்தோலிக்கக் குடும்பம்; மாமியார் வீடு புராட்டஸ்டண்டு. அங்கே ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே சூப்பர்வைசராக இருந்த சுந்தர்சிங்கைக் காதலித்து எண்பத்து மூன்றில் கட்டிக்கொண்டு, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் மாமியார் கட்டிய வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்த அன்றைக்கே என் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்து, "அதைக் கழட்டிப் பெட்டியில வெச்சுடு. இது வேற வீடு" என்றார். வைத்தேன். அதற்கப்புறம் என் மனசையும் அதே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அந்த வீட்டில் சில சட்டங்கள் இருந்தன. அவர் புடவையை அவரேதான் துவைப்பார், விடிவதற்கு முன்னாலேயே. நான் வாளியில் கை வைத்தால், "விடு அதை" என்று ஒரு அதட்டல். என் கை பட்டால் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கைப்பம்பில் தண்ணீர் அடிக்க மாட்டார், குடத்தைத் தொட மாட்டார். "நீ தூக்கு" என்பதோடு சரி. என்னை வேலைக்காரியாக்கப் பார்க்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவேன். சோபாவில் உட்கார மாட்டார், பிரம்பு நாற்காலிதான். மத்தியானத்துக்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். என் மகள் ஏதாவது கோமாளித்தனம் செய்து வீடே சிரிக்கும்போது எழுந்து உள்ளே போய்விடுவார். நாங்கள் சிரிப்பதுகூடப் பொறுக்கவில்லை என்று சுந்தரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி வெறுத்துக்கொண்டு கிடந்தோம்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பங்கெடுக்கிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்பிள்ளை அசரியா, சனிக்கிழமை நோட்டோடு வீடு வீடாக வருவார். ஞாயிறன்று பெண்கள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போவார்கள். பீடத்துக்கு முன்னால் இருக்கிற தடுப்பின் அருகே வரிசையாக முழங்கால் போடுவார்கள். அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு எழுவார்கள். அவ்வளவு நேரமும் அவர்கள் முதுகு மொத்தச் சபையின் கண் முன்னால் இருக்கும்.

யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு அப்புறம் வா என்பது வேதத்தில் இருக்கிறது. அதனால் எங்கள் சபையில் ஒருவர் திருவிருந்துக்கு வராவிட்டால், உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாரோடு சண்டை என்றுதான் கேட்பார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதத்திலிருந்து தபீதாள் டீச்சர் பெயர் கொடுப்பதை நிறுத்தினார். முதல் பெஞ்சில் அத்தனை வெள்ளைக்கும் நடுவில் அவர் மட்டும் சாம்பல் நிறப் புடவையில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அவர் எழ மாட்டார்.

"இன்னா டீச்சரம்மா, இந்த மாசமும் பேரு வாணாவா?" என்று வாசலில் நின்று கேட்பார் அசரியா.

"வேண்டாம்."

அசரியா நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்ப்பார். ஒரு தடவை வாயை விட்டே கேட்டுவிட்டார். "இன்னாமா நீயி, பெரியவங்க மனசை இப்டி நோவடிச்சிகினு கீறியே, நல்லாவா கீது?"

மாமியார் உள்ளேதான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சபையில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. நான் ஆர்.சி.யிலிருந்து, அதாவது கத்தோலிக்கச் சபையிலிருந்து வந்தவள். முறைப்படி சபையில் சேர்க்கப்படாததால் ஆறு வருஷமாகக் கடைசி பெஞ்ச்தான். எண்பத்தொன்பது ஈஸ்டருக்கு என்னைச் சேர்த்துக்கொள்வதாக நாள் குறித்திருந்தார்கள். மார்ச் நடுவில், அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அடுத்த சாயங்காலம் போதகர் எலியேசரும், மாதர் சங்கச் செயலாளர் ரூபவதியும் வீட்டுக்கு வந்தார்கள்.

மாமியார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சர், ஒரு வருஷமாச்சு. நாங்க கேக்காம இருக்கலாமா? யார்மேல மனத்தாங்கல், சொல்லுங்க" என்றார் ரூபவதி.

மாமியார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகளாலதானே? நாங்கல்லாம் இருக்கோம். பயப்படாம சொல்லுங்க."

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். ஆம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

"நான் என்ன பண்ணேன்? அவங்களையே கேளுங்க, நான் என்ன பண்ணேன்னு!" என்று கத்தினேன்.

"சத்தத்தைப் பாரும்மா. இதுவே பதில்தானே?" என்றார் போதகர். அவர் குரலை உயர்த்தவில்லை. தீர்ப்பு முன்னாலேயே தயாராக இருந்தது. "அம்மா என்னைக்குத் திருவிருந்துக்குப் பேர் குடுக்கறாங்களோ, அன்னைக்கு நீ சபைக்கு முன்னால நின்னு அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும் ஹில்டா. அன்னைக்கே உன்னைச் சபையில சேத்துக்கறோம். அதுவரைக்கும் முடியாது."

சுந்தர்சிங் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் புருஷன் நல்லவன்தான். முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் பத்தாது.

"ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லோரும் முழங்கால் போட்டோம். மாமியார் போடவில்லை. ஜெபத்தின் நடுவில் அவருக்கு அந்தச் சாக்பீஸ் இருமல் வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷத்துத் தூசி. வந்தால் லேசில் நிற்காது. ஜெபம் முடிந்து அவர்கள் புறப்பட்டபோதும் அவர் எழுந்து வழியனுப்பவில்லை. போதகர் வந்தால் வாசல் வரை போய் நிற்கிற மனுஷி அவர். மருமகள் எவ்வளவு நோகடித்திருந்தால் இப்படி உறைந்து போயிருப்பார் என்று ரூபவதி எனக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். சுந்தர் அவர்களைப் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடப் போனான்.

"நீ உள்ள போ" என்றார் மாமியார்.

"போக மாட்டேன்."

"போன்னு சொன்னேன்."

"எனக்குப் பதில் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் நாற்காலியில், நான் எதிரே. சுந்தர் திரும்பி வருகிற நேரம் நெருங்கியது. மகனா மருமகளா என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. எழுந்தார். பிரம்புப் பின்னல் நனைந்திருந்தது. கீழே சிமெண்டுத் தரையிலும் ஈரம் தேங்கியிருந்தது. புடவையின் பின்பக்கம் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பரிதாபம் வந்தது என்று எழுதினால் அது பொய். ஆத்திரம்தான் வந்தது.

"இதுக்கா? இதுக்காகவா தலையைக் குனிஞ்சீங்க?"

"மெதுவா பேசு."

"எத்தனை நாளா இப்படி?"

"எட்டு வருஷம். இருமினா, தும்மினா, சிரிச்சா, குனிஞ்சு எதையாவது தூக்கினா. முதல்ல ஒரு சொட்டுதான். இப்போ முழங்கால் போட்டு எழுந்தாலே போயிடுது." சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "வெள்ளைப் புடவையில அங்க போய் முழங்கால் போடச் சொல்றியா? என்கிட்ட படிச்சவன் பாதிப் பேர் பின்னால உக்காந்திருக்கான்."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன உடம்புன்னு ரூபவதி கேப்பா. கேட்டதை அன்னைக்குச் சாயங்காலமே ஜெபக்குறிப்புன்னு பத்து வீட்டுல சொல்லுவா."

"அதுக்காகப் பழியை எம்மேல போடுவீங்களா?"

"உனக்கென்ன, ஆர்.சி.லருந்து வந்தவன்னு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. அதோட இது ஒண்ணு. எனக்கு இருக்கிறது ஒரே பேர்தான்."

இதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். தரையைத் துடைக்கிற துணியை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டேன். அவரே துடைத்தார்.

அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவர் டாக்டரிடம் வர வேண்டும். வராவிட்டால் அந்த நிமிஷமே ரூபவதி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்றேன். யாரிடமும், சுந்தரிடம்கூட, வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல் என்றார். "சரி. ஆனா குணமானா நீங்களே போதகர் ஐயாகிட்ட போய்ச் சொல்லணும், இதுல ஹில்டாமேல எந்தத் தப்பும் இல்லைன்னு" என்றேன்.

"குணமானா சொல்றேன்" என்றார் தபீதாள் டீச்சர்.

முதலில் மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் போனோம். அவர் சோதிக்கவே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "அறுபது வயசுக்கு மேல பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. தண்ணியைக் கொறைச்சுக்குங்க" என்று ஒரு டானிக் எழுதினார். மாமியார் ஏற்கெனவே தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று முனகுகிற நிலைக்கு வந்திருந்தார். "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டார், வயசானா இப்படித்தான்" என்று வீட்டுக்கு வந்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னார். டானிக்கைச் சாக்கடையில் கொட்டினேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லி, பட்டணத்துக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண் டாக்டரைப் பார்க்கப் போனோம். மெடிக்கல் ஷாப்பில் செய்தித்தாளில் சுற்றி நாப்கின் வாங்கிக் கொடுத்தேன். பழைய புடவைக் கிழிசலை விட அது எவ்வளவோ மேல் என்று அவரும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

டாக்டர் பெயர் தனக்கோடி. ஐம்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் திட்டுதான்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"எட்டு வருஷமா? காலில முள்ளு குத்தினா அன்னைக்கே ஓடி வர்றீங்க, இதுக்கு எட்டு வருஷமா? படிச்சவங்கதானே நீங்க?"

என் மாமியாரை ஒருவர் அப்படிக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளுக்குள் இனித்தது. மறைப்பானேன்?

சிறுநீர் நிறைந்திருக்கும்போதே நிற்க வைத்து இருமச் சொன்னார் டாக்டர். மாமியார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"இருமுங்கம்மா. இங்க யாரும் உங்களுக்கு மார்க் போடப் போறதில்லை."

இருமினார். இருமிய அதே நொடியில் தெறித்தது. இருமல் நின்றதும் அதுவும் நின்றது. டாக்டர் தலையாட்டிக்கொண்டார். சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். சர்க்கரை இல்லை. தண்ணீர் குடிக்காததால் சிறுநீரில் கிருமி சேர்ந்திருந்தது. அதற்கும் இருமலுக்கும் மாத்திரை கொடுத்தார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார்.

"சுருக்குப்பை தெரியுமில்ல? அதோட கயிறு தளர்ந்துபோனா பையை அமுக்கினதும் உள்ள இருக்கறது வெளிய வரும். அவ்வளவுதான் உங்க வியாதி. பிள்ளை பெத்ததுல அடியில இருக்கிற தசை தொய்ஞ்சு போச்சு. அதைத் திரும்ப இறுக்கப் பழக்கலாம். நாலு பேர் நடுவுல வாயுவை அடக்கறோமே, அந்த இடத்தை உள்ளபக்கமா மேல இழுத்துப் பிடிங்க. வயித்தை எக்கக் கூடாது, தொடையை நெருக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பத்து எண்ணற வரைக்கும் பிடிங்க, பத்து எண்ணற வரைக்கும் விடுங்க. இப்படிப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. ஆரம்பத்துல பத்து வராது, அஞ்சு எண்ணினாப் போதும்."

சரியான தசையைத்தான் இறுக்குகிறாரா என்று உள்ளே விரல் வைத்தும் பார்த்தார். முதலில் வயிற்றைத்தான் எக்கினாராம்.

"இருமறதுக்கு முன்னால, எழுந்திரிக்கறதுக்கு முன்னால, முதல்ல இறுக்கிக்குங்க. தண்ணியை ஒழுங்கா குடிங்க. உடம்பையும் கொஞ்சம் குறைங்க. மூணு மாசம் விடாம பண்ணிட்டு வாங்க. அதுக்கும் அடங்கலைன்னா ஆபரேஷன் இருக்கு."

ரயிலில் திரும்பி வரும்போது மாமியார் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "வாய்க் கொழுப்புப் பிடிச்ச டாக்டர்."

மூன்று மாதம் நான் போலீஸ்காரி வேலை பார்த்தேன்.

"பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"எத்தனை எண்ணினீங்க?"

"ஏழு."

"பத்து எண்ணச் சொன்னாங்க."

இப்படி அவரைக் கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான், ஆனாலும் இருந்தது. அவருக்கும் அது தெரியும். காலையில் ஜெபத்துக்கு முன்னால், மத்தியானம் ரேடியோ செய்தியின்போது, சாயங்காலம் காய் நறுக்கும்போது என்று நேரம் வகுத்துக்கொண்டார். ஞாயிறு பிரசங்கத்தின்போது கூடுதலாக ஒரு வேளை. எலியேசர் போதகரின் பிரசங்கம் நீளமானது. தாராளமாக இரண்டு தரம் முடித்துவிடலாம். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டீச்சருக்கு எவ்வளவு பக்தி என்று பக்கத்துப் பெஞ்சில் பேசிக்கொள்வார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு மாற்றமும் இல்லை. "இது ஏமாத்து வேலை. தசையாவது, இறுக்கறதாவது" என்று விட்டுவிட்டார். மூன்று நாள் இருவரும் கத்தினோம். "உங்க மானத்துக்காக நான் அங்க கடைசி பெஞ்சில உக்காந்து காறித் துப்பாத குறையா பேச்சு வாங்கறேன். நீங்க எண்ணவாவது எண்ணுங்க!" என்றேன். நாலாம் நாள் காலையில் அவராகவே தொடங்கினார்.

நான் வாங்கியதும் கொஞ்சமில்லை. நான் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் பெண்கள் நகர்ந்துகொள்வார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் ரூபவதி, கடின இருதயமுள்ள ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம் என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஜெபம் பண்ணினார். சுந்தர் வேறு. "ஒரு சாரி சொல்லிடேன் ஹில்டா. அதுல என்ன குறைஞ்சுடப் போறே?" என்று தினமும். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன். ஜூலை வரட்டும், இவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனியப் போகிறார்கள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாவது வாரத்தில் ஒரு நாள் மிளகாய் வறுத்த நெடியில் அவர் இரண்டு தரம் தும்மினார். எழுந்து உள்ளே ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்து பேப்பர் படித்தார். நானும் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் கொடியில் அவர் புடவைகள் விடிந்த பிறகு காய்ந்தன.

ஜூன் கடைசியில் டாக்டர் மறுபடியும் இருமச் சொன்னார். இந்தத் தடவை ஒன்றும் இல்லை. இன்னும் பலமாக இருமச் சொன்னபோது லேசாக வந்தது. "முக்கால்வாசி சரியாயிடுச்சு. விட்டீங்கன்னா பழைய கதைதான். உயிரோட இருக்கிற வரைக்கும் பண்ணுங்க" என்றார். திரும்பி வரும்போது மாமியார் ரயிலில் உட்கார்ந்து வந்தார்.

"ஐயாகிட்ட எப்போ சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை அசரியா வந்தார். "எழுதிக்கோ, தபீதாள்" என்றார் மாமியார். அசரியா ஒரு கணம் வாயைப் பிளந்தார். "ஸ்தோத்திரம் டீச்சரம்மா! ஐயாவாண்ட இப்பவே போய்ச் சொல்றேன்" என்று சைக்கிளில் பறந்தார். பெயர் கொடுத்துவிட்டார் என்றால் நாளைக்கு நான் சபை முன்னால் நிற்க வேண்டும் என்று அர்த்தம். அதற்கு முன்னால் அவர் போதகரிடம் பேசியாக வேண்டும்.

சாயங்காலம் அவர் வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "எப்போ கிளம்பறீங்க? நானும் கூட வர்றேன்" என்றேன்.

"எங்க?"

"ஐயா வீட்டுக்கு. குணமானா சொல்றேன்னு சொன்னீங்களே."

அவர் மடிப்பைத் திருப்பிப் போட்டார். "டாக்டர் முக்கால்வாசின்னுதானே சொன்னாங்க" என்றார்.

அந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி அந்தப் புடவை நடுவில் அப்படியே வைத்துவிடலாமா என்று கை துடித்தது. இவ்வளவு நாளும் இந்த வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் தெரியாமல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன்னால் போதகர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். கடைசி பெஞ்சிலிருந்து பீடம் வரைக்கும் நடந்தேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் பெஞ்சைத் தாண்டும்போது குனிந்து, "சொல்லுங்க அத்தை. இப்பவாவது சொல்லுங்க" என்றேன். அவர் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் போய் நின்றேன். எதிரே வெள்ளை வெள்ளையாகப் பெண்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அத்தனை பேர் வாயும் அடைத்துப்போகும். நாக்கு நுனி வரை வந்தது. அவரும் வாக்குக் கொடுத்தார், நானும் கொடுத்தேன். அவரைப் போல நானும் ஆக வேண்டுமா என்று ஒரு நினைப்பு. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. "அத்தை, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்று முனகியது.

போதகர் எங்கள் இருவரையும் முதலில் முழங்கால் போடச் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். எனக்கு அந்தச் சபையில் அதுதான் முதல் திருவிருந்து. அதற்காக ஆறு வருஷம் காத்திருந்தவள், அப்பம் நாக்கில் கரைந்தது எப்படி இருந்தது என்றுகூடக் கவனிக்கவில்லை. அவ்வளவு வெறுப்பு உள்ளே.

கிண்ணம் அவரிடம் போனது. ஒரு மடக்குக் குடித்தார். ரசம் புரையேறிவிட்டது. இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, உடம்பே குலுங்குகிற இருமல். முதுகுக்குப் பின்னால் மொத்தச் சபை. வெள்ளைப் புடவை. போதகர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, ஆனால் என் உடம்பு அடிவயிறு வரை இறுகிப்போயிருந்தது. இறுக்குங்க, இறுக்குங்க என்று உள்ளே நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருமல் நின்றது. அவர் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு கண்ணை மூடியபடியே, ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி, என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"ஹில்டா, ஒரு சொட்டுகூட இல்ல."

நான் குனிந்திருந்தேன். தோள் குலுங்கியது. மனந்திரும்பி அழுகிறாள் என்று பின்னால் ரூபவதி யாரிடமோ சொன்னது கேட்டது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார் தபீதாள் டீச்சர். மாதம் தவறாமல் வெள்ளைப் புடவையில் போய் முழங்கால் போட்டார். ஐயாவிடம் மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை. சாகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் மன்னிக்கவில்லை. ஆனால் என்னை அத்தனை பேர் முன்னால் குற்றவாளியாக நிற்க வைத்த அந்த மனுஷி, சொட்டுகூட இல்லை என்று காதில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தாங்கவில்லை.